பாண்டியன் வாங்கிய பரிகள்

மதுரைப் புதுமண்டபத்து முகப்பில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளைக் காணாத யாத்திரிகர் இரார். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எடுப்பித்த மண்டபம் அது. அவற்றைக் காணுந்தோறும், இந்நகரை ஆண்ட பாண்டியர் பொன் கொடுத்த இருவகைப் பரிகளே எனக்கு நினைவு வருகின்றன.

மேலூரையடுத்த வயல்வெளியிலே இருக்கிறது திருவாதவூர். அவ்வூரில் பிறந்த மாணிக்கவாசகர், குதிரைக்கென அரசன் தந்த பொருளைத் திருப்பெருந்துறைத் திருப்பணியில் செலவிட்டார். ஈசன் நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்தான். அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, லாயத்துப் பழங்குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. இது புராணம்.

மற்றது, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்தது. ஹோர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைக் கப்பல்கள் காயலுக்கு வரும். பாண்டிய சகோதரர் ஐவரும் ஆண்டுதோறும் ஆளுக்கு 2,000-க்கு மேல் வாங்குவராம். ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சாதாம்! பரி பேணத் தெரிந்தவர் இங்கில்லை. தெரிந்தவரை வரவொட்டாமல் வணிகரே தடுத்தனர். பழைய குதிரை செத்தால்தானே புதியது விலைபோகும்?

நரிப்பரி ஓரிரவு நின்றது. காயற்பரி ஓராண்டு நின்றது. ஆயினும் பொக்கிஷத்தைக் கரைத்த பந்தயத்தில் காயற்பரிக்கே நான் முதலிடம் கொடுப்பேன். நரிகள் ஒரு முறைதான் வந்தன.