மூன்றாவது ‘தொம்’

மும்பை கிங்ஸ் சர்க்கிள் அருகேயுள்ள சண்முகானந்தா அரங்கில் 2,700-க்கும் அதிகமான இருக்கைகள். விளக்குகள் அணைந்ததும் மேடையில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். அதில் ஒரு பெண் சுழல்கிறாள். ரசிகரின் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தாராளம். கேமராவுக்குப் போதாது.

திருவிடைமருதூர் நட்டுவனார்கள் பக்கத்து மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கியது 1945இல். 1963இல் திறக்கப்பட்ட சண்முகானந்தா, 1990இல் தீக்கிரையாகி 1998இல் மீண்டும் திறந்தது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் அரங்கு இருக்கிறது. அரங்கேற்றம் வாழ்நாளில் ஒரு முறைதான். படம் தவறினால் தவறியதுதான்.

சிக்கல் எளிய கணக்கு. ஆடும் கையைக் கலங்காமல் பிடிக்க ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும். 1/60இல் வரும் ஒளியில் எட்டில் ஒரு பங்கே அப்போது உள்ளே வரும். ஃபிலிம் காலத்தில் 400 வேக ஃபிலிமை 1600 ஆகப் பாவித்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்தார்கள். பலன்: மணல் தூவியது போன்ற படம். இன்று ஐஎஸ்ஓவை 800இலிருந்து 6400க்கு ஏற்றினால் கணக்கு நேராகிவிடும். ஆனால் புது வில்லங்கம்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், வேக ஷட்டரில் படத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழும். ஃபிளாஷ் போடலாமா? அபிநயத்தில் ஆழ்ந்தவளின் கண்ணில் மின்னல் வெட்டியதுபோல் இருக்கும்.

கருவி கைவிடும் இடத்தில் தாள ஞானம் உதவுகிறது. தீர்மானத்தின் முடிவில் ‘ததிங்கிணதொம்’ மூன்று முறை வரும். முதல் இரண்டும் முன்னறிவிப்பு. மூன்றாவது ‘தொம்’மில் கால் தரையில் பதிய, உடல் ஒரு கணம் சிலையாக நிற்கும். அந்தக் கணத்துக்கு 1/125 நொடியே போதும். குதிப்பிலும் அப்படித்தான்: உச்சியில் உடல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஜதி தெரிந்தவர் அதற்காகக் காத்திருக்கிறார். தெரியாதவர் நூறு படம் சுட்டுவிட்டுத் தேடுகிறார்.

கலங்கல் எப்போதும் குற்றமும் அல்ல. பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்டியாவ் சல்காடோ 1995இல் சர்ச்கேட் நிலையத்தில் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்தார். ரயில்கள் தெளிவாக நிற்க, பயணிகள் புகை ஆறாக ஓடினார்கள்.

சண்முகானந்தாவிலிருந்து தாராவி அதிக தூரமில்லை. அங்கே 90 அடி சாலையில் தமிழ்ப் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பதைப் படமெடுக்க ஆண்டுதோறும் கேமராக்கள் மொய்க்கின்றன. புகை மண்டிய அந்தச் சாலையிலும் இதே பாடம்தான். பானையின் கழுத்தில் நுரை திரளும்போதே விரல் பொத்தானில் இருக்க வேண்டும். ‘பொங்கலோ பொங்கல்’ காதில் விழுந்த பிறகு அழுத்தினால், பால் அடுப்பில் வழிந்திருக்கும்.