தோல்பை சொல்லும் வரலாறு

சித்திரை முழுநிலவு நாளில் மதுரை வைகையில் இறங்கிய அழகர்மலைப் பெருமாள் கள்ளழகர் இராமராயர் மண்டபத்துக்கு எழுந்தருளும்போது, கருப்பசாமி வேடமிட்ட பக்தர்கள் தோல்பைகளிலிருந்து அவர்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் பிந்திவிட்ட அழகரின் கோபத்தைத் தணிக்கத்தான் தண்ணீர் என்பது மதுரையில் பரவலாகச் சொல்லப்படும் விடை. கேட்கச் சுவையாக இருந்தாலும், தோற்றத்தைத் தேடுகிறவருக்கு இது பயன்படாது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரையில் தேனூர் ஆற்றங்கரையில் நடந்துவந்த அழகர் விழாவையும் மதுரையில் ஒன்றாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பது வழிவழிச் செய்தி. அவர் ஆண்ட காலம் 1623 முதல் 1659 வரை. இரண்டு விழாக்களும் சேர்வதற்கு முன் அண்ணன் பிந்தி வந்த கதைக்கு வேலையே இல்லை. அழகர் ஆற்றுக்கு வருவதற்குக் கோயில் சொல்லும் காரணமோ வேறு. துர்வாசர் சாபத்தால் தவளையான சுதபஸ் முனிவருக்கு விமோசனம் தரவே அவர் வருகிறார். அந்தக் கதையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு இடமில்லை.

கதைகள் கைவிடும்போது கருவியைப் பார்ப்பதே நல்லது. முழுதாக உரித்த ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, துளைகளை இறுகக் கட்டி, ஒரு வாயில் மட்டும் சிறு குழாயைப் பொருத்தினால் பை தயார். நீர் நிரப்பி அக்குளில் இடுக்கி அழுத்தினால் கம்பிபோல் தண்ணீர் பாயும். இதற்குத் துருத்தி என்றே பெயர். கொல்லன் உலைக்குக் காற்று ஊதும் தோல்பைக்கும் அதே பெயர்தான். இங்கே நான் முதன்மையாகக் கருதுவது தோலைத்தான். ஆகமக் கோயிலில் திருமஞ்சன நீர் உலோகக் குடத்தில் வரும். பட்டர் கையால்தான் திருமேனியில் படும். தோல் அங்கே தீட்டு. அப்படிப்பட்ட தோலிலிருந்து பாயும் நீரை, யார் யாரோ அடிக்கும் நீரை, பெருமாள் தெருவில் நின்று ஏற்றுக்கொள்கிறார். இது ஆகமத்திலிருந்து பிறந்திருக்க முடியாது. இராமராயர் மண்டப நிகழ்ச்சியைத் தீர்த்தவாரி என்று சொல்கிறார்களே என்று கேட்கலாம். தீர்த்தவாரியில் தெய்வம் நீருக்குள் போகும். இங்கே சனங்கள் நீரைச் சுமந்து தெய்வத்திடம் வருகிறார்கள். ஏற்கெனவே இருந்த வழக்கத்துக்குப் பின்னால் இட்ட பெயராகவே அதை நான் கொள்கிறேன்.

இன்னும் வலுவான மறுப்பு சங்க நூலான பரிபாடலிலிருந்து வரும். வையையில் புதுவெள்ளம் வந்த நாளில் சிவிறி என்ற பீச்சாங்குழல் கொண்டு நீரடித்து மகிழ்ந்த மக்களை அந்நூல் காட்டுகிறது. அதே ஆறு, அதே ஊர், அதே செயல் என்பதால் இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று முடிவு கட்ட ஆசை வரும். ஆனால் பரிபாடலில் காண்பது காதலரும் தோழியரும் ஆடிய விளையாட்டு. அந்த நீரில் மணமும் வண்ணமும் கலந்திருந்தன. வெள்ளம் வந்ததைக் கொண்டாடியவர்கள் அவர்கள். சித்திரை வைகையோ பெரும்பாலும் மணல். 1959இல் வைகை அணை வந்தபின், அழகர் இறங்குவதற்கென்றே அங்கிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். நீர் பெருகியபோது ஆடிய ஆட்டமும், நீர் அருகிய மாதத்தில் அதைச் சுமந்துவந்து தெளிக்கும் நேர்த்திக்கடனும் ஒன்றல்ல. தாய்லாந்தின் சொங்கிரான், பர்மாவின் திஞ்சான் ஆகியவற்றோடு முடிச்சுப் போடுவதும் பொருந்தாது. அவை சூரியன் மேஷத்தில் நுழைவதை ஒட்டிய புத்தாண்டு விழாக்கள்; அழகர் இறங்குவது முழுநிலவுக் கணக்கில். தண்ணீரைத் தவிர இந்த மூன்று விழாக்களுக்கும் பொதுவானது கோடை வெக்கை ஒன்றுதான்.

அப்படியானால் துருத்தி யாருடையது? தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் கோயிலுக்கும் கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் ஆகியோருக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். அழகரைக் கொண்டாடியவர்கள் ஆடு மேய்த்தவர்களும் மண்ணைக் கிளறியவர்களும்தான். ஆட்டுத்தோலைப் பதப்படுத்துவதும் தோலில் நீர் மொள்வதும் அவர்களுக்கு அன்றாடத் தொழில். கிணற்று நீர் இறைத்த கமலைச் சாலின் அடியில் தொங்கிய தோல்வாலை நினைத்துப் பாருங்கள். வேடமும் இதையே உறுதிசெய்கிறது. தண்ணீர் அடிப்பவர் அணிவது பெருமாள் அடியாரின் கோலம் அல்ல, மலையடிவாரத்துப் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் கோலம். வெயிலில் மலையிலிருந்து நடந்துவரும் தங்கள் சாமிக்கு, தங்களிடம் இருந்த கருவியால் உழைப்பாளிகள் செய்த குளிர்விப்பே இதன் மூலம் என்பது என் முடிவு. கல்வெட்டுச் சான்று காட்ட முடியாத ஊகம்தான் இது. ஆனாலும் கருவி, வேடம், இடம் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இந்த முடிவுக்கு இன்றும் ஒரு பயன் உண்டு. சிலர் கையில் தோல்பை போய் மோட்டார் வந்தது. உயர் அழுத்தத்தில் தண்ணீர் சீறியது. பாரம்பரியத் தோல்பையைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. ஊரையே நாயக்கர் மாற்றிய விழாவில் மோட்டார் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விழாவின் இடம் மாறியபோதும் தண்ணீரை அடித்தது மனிதனின் கைதான். நேர்த்திக்கடன் என்பது உடம்பால் கட்டுவது. விரதமிருந்து, பையைச் சுமந்து, அக்குள் வலிக்க அழுத்துவதில்தான் அந்தக் கடன் தீர்கிறது. மோட்டார் அடிக்கும் தண்ணீர் அழகரை நனைக்கும். ஆனால் யாருடைய கடனையும் தீர்க்காது.