அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிவைத்த ஆபரேஷன்

போன ஞாயிற்றுக்கிழமை, ப்ளஸ் டூ படிக்கும் மகள் பயாலஜி புத்தகத்தோடு வந்து நின்றாள். "அப்பா, ஃபெலோப்பியன்னா ஆள் பேரா, ஊர் பேரா?"

பி.காம். படித்துவிட்டு வட்டிக் கணக்கு பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்தப் பெயர் எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

2012. நாங்கள் நாக்பூருக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம். மகளுக்கு நாலு வயது. பிராஞ்சில் கூட்டம் நெரியும் நேரத்தில் பக்கத்து வீட்டு காக்கூ போன் செய்தார் (மராத்தியில் வயதில் மூத்த பெண்களை அப்படிக் கூப்பிடுவார்கள்). தங்கமணி வயிற்று வலியில் சுருண்டு கிடக்கிறாளாம். ஆஸ்பத்திரிக்கு ஓடினால், டாக்டரம்மா "ட்யூப் ஃபட் கயி ஹை" என்றார். எனக்குத் தெரிந்த ட்யூப் சைக்கிள் ட்யூப்தான்! நான் முழித்ததைப் பார்த்து ஒரு தாளின் பின்பக்கம் படம் வரைந்தார். கருப்பைக்குப் போய்ச் சேர வேண்டிய கரு, வழியில் ஃபெலோப்பியன் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்துவிட்டது. வயிற்றுக்குள் ரத்தம். கர்ப்பம் என்பதே எங்கள் இருவருக்கும் அன்றுதான் தெரியும். தினமும் லோன் பேப்பரில் அடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்குகிற எனக்கு அன்று என் கையெழுத்தே கோணிப்போனது.

ஒரு பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் இந்தக் குழாயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். காப்ரியேலே ஃபலோப்பியோ, இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்து உடற்கூறு பேராசிரியர். 1561-ல் வந்த தன் புத்தகத்தில் இந்த உறுப்பை விவரித்து, முனை விரிந்திருப்பதால் 'டியூபா' என்றார். லத்தீனில் அது ட்ரம்பெட். நம் நாதஸ்வரத்தின் அகன்ற வாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதுதான் வெறும் ட்யூப் ஆகிவிட்டது. மறு வருடமே, 39 வயதில் இறந்துபோனார். (அவருக்கு ஆயிரத்து எண்ணூறு வருடம் முன்பே அலெக்சாண்டிரியாவில் ஹீரோஃபிலஸ் இந்தக் குழாயைப் பார்த்திருக்கிறார். ஆனால் அது சிறுநீர்ப்பையில் போய்ச் சேர்கிறது என்று நினைத்துவிட்டார்.)

குழாய் எதற்கு என்பது ஃபலோப்பியோவுக்கும் தெரியாது. எங்கள் பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். என்ட்ரி இருக்கிறது, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. 1672-ல் ஹாலந்தில் ரெக்னியர் டி கிராஃப் முயல்களை அறுத்துப் பார்த்து, சூலகத்திலிருந்து முட்டை இந்த வழியாகத்தான் வருகிறது என்றார். ஆனால் முட்டை இருக்கும் பையையே முட்டை என்று எண்ணிவிட்டார். அடுத்த வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார், வயது 32. நிஜமான முட்டையை 1827-ல்தான் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் ஒரு பெண் நாயிடம் கண்டார். மனித முட்டை என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

என்னைத் தூங்கவிடாதது லாசன் டெய்ட்டின் கதை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சர்ஜன். 1881-ல் குழாய் வெடித்த ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் செய்யச் சொன்னபோது தயங்கிவிட்டார். அவள் இறந்தாள். பிறகு உடலைத் திறந்து பார்த்தால், ரத்தம் வரும் இடத்தைக் கட்டியிருந்தாலே பிழைத்திருப்பாள் என்று தெரிந்தது. 1883-ல் துணிந்து செய்த முதல் ஆபரேஷன் தோற்றது. அதே வருடம் அடுத்த பெண் பிழைத்தாள். தங்கமணிக்கு அன்று நடந்ததும் அடிப்படையில் அதே வைத்தியம்தான்.

ஊரில் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பெண்டிக்ஸ்." போனில் அம்மா கேட்டபோது வாயில் வந்தது அதுதான். அதற்குப் பிறகு எங்களுக்கு இன்னொரு குழந்தை தங்கவில்லை. ஒவ்வொரு தடவை திண்டுக்கல் போகும்போதும் கல்யாண வீடு, காதுகுத்து எல்லா இடத்திலும் அவளைத்தான் கேட்டார்கள், "அடுத்தது எப்போ? ஒண்ணோட நிறுத்திட்டியா?" என்று. நான் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பதில் சொன்னதில்லை.

மகளிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அம்மாகிட்ட ஒரு நாதஸ்வரம்தான் பாக்கியா?"

சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்த தங்கமணி சொன்னாள். "தீபாவளிக்கு ஊருக்குப் போறோம்ல, அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க காபியை வெச்சுட்டு பக்கத்துல உக்காருங்க, போதும்."