கூண்டுப் பறவையும் காவற்கருவியும்

கரியும் எரிவாயுவும் போதிய காற்றின்றி எரியும்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி தோன்றுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அஃது ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பற்றிக்கொள்ளும். தலைவலிதானே என்று படுத்தவர் எழாமலே போவதுண்டு.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் இக்கொடுமையை நன்கறிந்தவர். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் 1890களில் கூறிய வழியைப் பின்பற்றி, அவர்கள் கானரிப் பறவையைக் கூண்டிலிட்டு உடன் கொண்டு சென்றனர். விரைந்து மூச்சுவிடும் அச்சிற்றுயிர் மனிதருக்கு முன்னரே மயங்கிச் சாயும். சாய்ந்ததைப் பிழைப்பிக்க ஆக்சிஜன் குழல் பொருத்திய கூண்டும் இருந்தது. பறவையோடு அவர்கள் சீழ்க்கையடித்து உறவாடினர். தமக்காக மயங்கும் உயிரிடம் அன்பு பிறப்பது இயல்பன்றோ! 1986-இல் அதன் இடத்தை மின்னணுக் கருவிக்கு அளிப்பதென முடிவாயிற்று.

அத்தகைய கருவி இன்று வீட்டுச் சுவரிலும் காவல் நிற்கின்றது. உறங்குவோர் செவியில் ஓசை விழவேண்டுமாதலின் படுக்கையறையின் அருகே அதனைப் பொருத்துவர். திங்கள்தோறும் பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும். மின்கலம் தளர்ந்தால் அதுவும் பறவைபோல் விட்டுவிட்டுக் கீச்சிடும். அவ்வொலி தொல்லையென்று மின்கலத்தைக் கழற்றி எறிவோரும் உளர். கூண்டுப் பறவையைப் பட்டினியிட எந்தத் தொழிலாளியும் துணிந்திரான். இடைவிடாது உரக்க ஒலித்தாலோ, காரணம் தேடி நிற்றல் ஆகாது. அனைவரும் உடனே வெளியேறித் தூய காற்றுள்ள இடத்தை அடைதல் வேண்டும்.