ஒண்ணேகால் மணி நேரம்

சென்னை மீனம்பாக்கத்தில் இருந்து மதுரை விமான நிலையத்துக்கு வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 420 கிலோமீட்டர். டிக்கெட்டில் காட்டும் பயண நேரம் ஏறக்குறைய ஒண்ணேகால் மணி. திருமங்கலத்தில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்கு இது மனப்பாடம். "என் மக பிளேன் ஏறுனா ஒண்ணேகால் மணி நேரத்துல வந்து நிப்பா" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். சிறுசேரிக்கு வந்து எங்களோடு இருங்கள் என்றால், அதற்கும் அதே பதில்தான்.

அந்த நேரம் பொய்யில்லை. ஜெட் விமானம் மேலே போய்விட்டால் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். அந்தக் கணக்கில் அரை மணி நேரம்தான் ஆக வேண்டும். நிறுத்திய இடத்தில் இருந்து நகர்வது, ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் ஒண்ணேகால் மணி ஆகிறது. சிறிய ஏடிஆர் விமானம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆனால் நமக்கு வேண்டியது வாசலில் இருந்து வாசல் வரைக்கான கணக்கு. சிப்காட் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்து மீனம்பாக்கம் போக, மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம். உள்ளே சோதனை, வரிசை, காத்திருப்பு என்று இன்னொரு ஒன்றரை. விமானத்தில் ஒண்ணேகால். மதுரையில் இறங்கி, பெட்டி எடுத்து, திருமங்கலம் போய்ச் சேர முக்கால் மணி. மொத்தம் 5 மணி நேரம். சிறுசேரிக்கு மெட்ரோ ரயில் வந்த பிறகு இதில் கொஞ்சம் குறையலாம்.

போன கார்த்திகையில் ஒருநாள் இரவு 11 மணிக்கு போன் வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அன்றைய கடைசி விமானம் போயாகிவிட்டது. கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, விடிய விடிய காரில் போய்ச் சேர்ந்தபோது காலை 7 மணி. அதற்குள் எதிர்வீட்டு அத்தை ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், மணிக்கட்டில் மாவுக்கட்டும் போட்டுக் கூட்டி வந்திருந்தார். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்ததால், அதைத் திறக்க அம்மா தவழ்ந்தே வாசல்வரை வந்திருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஊர் திரும்பும் முன் மூன்று வேலை முடித்தேன். வெளியில் இருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு மாட்டி, ஒரு சாவியை அத்தையிடம் கொடுத்தேன். குளியலறையில் கைப்பிடி வைத்தேன். 108, அத்தை, ஆட்டோக்கார அண்ணன் மூன்று பேரின் எண்ணையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டினேன். வெளியூரில் பெற்றோர் இருக்கும் எல்லோரும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் அங்கே போய் நிற்கப் போவது யார் என்பதையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது யாராவது கேட்டால் அம்மா சொல்வது இதுதான்: "எதிர்வீட்டு மதினி வர அஞ்சு நிமிஷம். மக வர அஞ்சு மணி நேரம்."