மதிலுக்கு அப்பால் இருப்பவர் யார்? — 'அட்டாக் ஆன் டைட்டன்' குறித்துச் சில எண்ணங்கள்

ஆய்வகத்து இளையவர்கள் இருவர் சென்ற வாரம் ஒரே கேள்வியை வெவ்வேறு நாளில் கேட்டார்கள்: "'அட்டாக் ஆன் டைட்டன்' எல்லோரும் சொல்கிற அளவுக்கு இருக்கிறதா அண்ணா? பார்க்கத் தொடங்கலாமா?" தேநீர் இடைவேளையில் சொல்லி முடிக்கக்கூடிய விடை என்னிடம் இல்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன். தொடரின் முடிவைப் பேசாமல் இதை எழுத இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு, பார்த்தபின் வாசிக்கலாம்.

ஹஜிமே இசயாமா 2009 செப்டம்பரில் தொடங்கி 2021 ஏப்ரலில் முடித்த மாங்காதான் இத்தொடரின் மூலம். அனிமே வடிவத்தை 2013 ஏப்ரல் முதல் விட் ஸ்டூடியோ தயாரித்தது. இறுதிப் பருவத்தை மாப்பா ஏற்றுக்கொண்டது. மனிதரைத் தின்னும் பேருருவங்கள். அவற்றுக்கு அஞ்சி, 50 மீட்டர் உயர மதில்கள் மூன்றுக்குள் ஒடுங்கி வாழும் மக்கள். தாயைக் கண்ணெதிரே பறிகொடுத்து, அவற்றில் ஒன்றையும் விடாமல் அழிப்பேன் என்று வஞ்சினம் உரைக்கும் எரென் என்ற சிறுவன். இதுவே தொடக்கம். முதல் பருவம் 2013 செப்டம்பரில் முடிய, இரண்டாவது 2017 ஏப்ரலில்தான் வந்தது. அந்த இடைவெளியில் ரசிகர்களின் எதிர்பார்ப்பு மதிலைவிட உயரமாக வளர்ந்துவிட்டது. 'இறுதிப் பருவம்' என்ற பெயருடன் 2020 டிசம்பரில் தொடங்கியதோ, உண்மையில் முடிவதற்கு 2023 நவம்பர் ஆயிற்று.

அந்த எதிர்பார்ப்பைத் தொடர் பெரும்பகுதி நிறைவேற்றியது என்பதில் எனக்கு ஐயமில்லை. எரெனின் தோழர்களுள் ஒருவனான ரைனர், மதிலை உடைத்தவர்களில் தானும் ஒருவன் என்று ஒப்புக்கொள்ளும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வேறு யாரோ பேசிக்கொண்டிருக்க, ஓரத்தில், பயண ஏற்பாட்டைப் பற்றிப் பேசும் குரலில் அதைச் சொல்லிவிடுகிறான். பேரிசையும் இல்லை, முகத்தின் அண்மைக் காட்சியும் இல்லை. முதல் பருவத்திலிருந்தே காத்திருந்த நிலவறை திறக்கும்போது கிடைப்பதும் புதையலன்று. மதிலுக்கு வெளியே மனித இனம் அழியவில்லை. அங்கே நாடுகள் உள்ளன. அந்நாடுகள் மதிலுக்குள் இருப்பவர்களைப் பேய்கள் என்று அழைக்கின்றன. இதுவரை பேருருவங்களாக வந்தவையோ, அந்நாடுகளில் ஒன்று உருமாற்றித் தள்ளிவிட்ட எரெனின் இனத்தவரே.

மூன்றாம் பருவத்தின் இறுதியில் அந்த இளைஞர்கள் முதன்முறையாகக் கடலைக் காண்கிறார்கள். மற்றவர்கள் நீரில் விளையாட, எரென் மட்டும் எதிர்க்கரையின் திசையைச் சுட்டி, அங்கிருக்கும் பகைவரையெல்லாம் கொன்றுவிட்டால் நமக்கு விடுதலை கிடைத்துவிடுமா என்று கேட்கிறான். கடல் என்றால் விடுதலை என்று அதுவரை நம்பியிருந்த பார்வையாளருக்கு அது அதிர்ச்சி. எனக்கு அது பழகிய கேள்வி.

நான் பாம்பன்காரன். 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலில் வரைந்த கோட்டுக்கு இப்பால் பிறந்தவன். அந்தக் கோட்டைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. ஆயினும் எங்கள் வீட்டுப் பேச்சில் அது மதிலைவிட உறுதியாக நின்றது. சித்தப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். படகு பிடிபட்டது, ஆட்கள் சிறைப்பட்டார்கள் என்ற செய்திகளுக்கிடையே வளர்ந்த எங்களுக்கு, 'அந்தப் பக்கம்' என்ற சொல்லின் பொருள் பகை மட்டுமே. இப்போது ஆய்வின் பொருட்டு வெலிங்டன் தீவில் இருக்கிறேன். 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கப்பல்கள் நுழைய ஆழம் தோண்டியபோது வந்த மண்ணைக் கொட்டி உருவாக்கியது இத்தீவின் பெரும்பகுதி. நாற்புறமும் நீர், ஆனால் சாலையில் நடந்தால் துறைமுகத்தின் மதிலும் கடற்படையின் மதிலும் மாறி மாறி வரும். மட்டாஞ்சேரிப் பக்கத்து நீரைக் காணவும் மதிலின் இடைவெளியைத் தேட வேண்டும்.

இங்கேதான், பயிற்சிக்காகச் சில வாரங்கள் வந்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய அப்பா வடகடலில் சிறு படகில் வலை விடுபவர். போர்க்காலம் முழுதும் கட்டுப்பாடுகளால் கடலை இழந்திருந்த அம்மக்கள், 2009க்குப் பின் திரும்பி வந்தபோது எதிர்கொண்டது எங்கள் இழுவைப் படகுகளை. கடலடியைத் துடைத்துச் செல்லும் அந்த இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. என் ஆய்வுப் பொருளும் இழுவைமடிதான் என்றதும் அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, இரவில கரையில நிண்டு பாத்தா உங்கட றோலர் வெளிச்சம் வரிசையாத் தெரியும். விடியப் போனா எங்கட வலை இராது."

அந்த வெளிச்ச வரிசையில் என் சித்தப்பாவின் படகும் இருந்திருக்கலாம்.

இத்தொடரின் நான்காம் பருவம் செய்வது இதைத்தான். எரெனை ஒதுக்கி வைத்துவிட்டு, எதிர்க்கரையில் வளரும் காபி என்ற சிறுமியிடம் நம்மை உட்கார வைக்கிறது. தொடக்கத்தில் எரென் பேசிய வஞ்சினத்தை அவள் அப்படியே நம்மை நோக்கிப் பேசுகிறாள். கதை நகரவில்லையே என்று பலர் அப்போது சலித்துக்கொண்டார்கள். என் மதிப்பீட்டில் தொடரின் உச்சம் அதுவே. காபியின் தோட்டாவுக்கு மகளைப் பறிகொடுத்த தந்தை, பழிவாங்கக் கத்தி கையில் கொடுக்கப்பட்டும் அதைப் பயன்படுத்த மறுக்கிறார். எவரும் எதிர்பார்க்காத ஒன்றை அங்கே தொடர் தந்துவிட்டது.

ஆகவே முடிவின் மீது என் மனக்குறை பெரிது. எரென் மதில்களுக்குள் உறைந்திருந்த பேருருவங்களை நடக்கவிட்டு, உலக மக்களில் 80 விழுக்காட்டினரை மிதித்துக் கொல்கிறான். அதன்பின் தொடர் யாருக்காக அழுகிறது? எரெனுக்காக. அவனுடைய காதல், தயக்கம், தனிமை, அவன் தலை புதைக்கப்பட்ட மரத்தடி. இறந்தவர்களுக்கோ, ரம்சி என்ற அகதிச் சிறுவனையும் அவன் அண்ணனையும் நசுங்கவிட்டுக் காட்டியது தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆர்மினுடனான கடைசி உரையாடல் மாங்காவில், படுகொலைக்கு நன்றி கூறுவதுபோல ஒலித்தது. அனிமே அதைத் திருத்தி, குற்றத்தில் ஆர்மினையும் பங்காளியாக்கியது. நல்ல திருத்தம், போதவில்லை.

நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடியும் படுகளத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மண்ணால் செய்த துரியோதனன் வீழ்த்தப்படுகிறான். பாஞ்சாலி கூந்தலை முடிக்கிறாள். அதே களத்தில் அவனுக்காக ஒப்பாரியும் எழுகிறது. வென்றவளைத் தெய்வமாக வணங்குகிறவர்களே வீழ்ந்தவனுக்கும் அழுகிறார்கள். எதிர்க்கரையில் இத்தனை காலம் நம்மை வாழவைத்த தொடர், துக்கம் காக்க வேண்டிய நேரத்தில் தன் மதிலுக்குள் திரும்பிவிட்டது. எரெனை வீரனாகக் கொண்டாடும் ரசிகர் கூட்டம் இன்றும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். இறுதிப் பெயர்வரிசையின்போது அத்தீவும் பிற்காலப் போரில் குண்டுகளால் அழிவதைக் காட்டுகிறார்கள். அந்த எச்சரிக்கை சரியானதே. எச்சரிக்கை வேறு, துக்கம் வேறு.

எனவே இளையவர்களுக்கு என் விடை: பாருங்கள். மர்மம், போர், இசை ஆகியவற்றில் உங்கள் எதிர்பார்ப்பு வீணாகாது. ஆனால் கடைசிப் பகுதியைப் பார்த்து முடித்ததும், திரையில் எவருடைய பெயர் சொல்லி அழுதார்கள், எவருடைய பெயரைச் சொல்லவே இல்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்து அக்காவும் தொடரை முழுதாகப் பார்த்தவர். ஊர் திரும்புமுன் அவரிடமும் இதைக் கேட்டேன். "முடிவு பிழைச்சுப் போச்சு தம்பி. எண்டாலும் மற்றப் பக்கத்தையும் காட்டினவங்கள்தானே, அந்தளவும் ஆர் செய்யினம்?" என்றார். என் ஆய்வேட்டின் முதல் இயலில் இப்போது வடகடலின் சிறு வலைகளுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதை இன்னும் எழுதி முடிக்கவில்லை.