ஆச்சியின் பெயர்

மூப்பினால் ஆலயத்துக்கு வரமுடியாதவர்களின் இல்லந்தேடிச் சென்று திருவிருந்து வழங்குவது எமது சபையின் வழக்கம். 2018ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு மாலை போதகர் எமது வீட்டுக்கு வந்தார். அப்பமும் திராட்சை ரசமும் வைத்த சிறுமேசைக்கு எதிரே, சாய்மனைக் கதிரையில் ஆச்சி இருந்தார். அப்பொழுது அவருக்கு வயது 82. செபம் தொடங்குமுன் அவர் கையை உயர்த்திப் போதகரைத் தடுத்தார்.

"ஐயா, கிரேஸ் எண்டு வேண்டாம். வள்ளியம்மை எண்டு சொல்லிச் செபியுங்கோ."

எவரும் பேசவில்லை. மாமாவின் முகம் கறுத்தது. தாயாருக்கு நினைவு தடுமாறுகின்றதென எண்ணிய அவர், போதகரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஆச்சி அதனையும் தடுத்தார்.

"எனக்கு அறளை பேரேல்லைத் தம்பி. யேசுவை நான் விடேல்லை. என்ர பேரைத்தான் விட்டனான். அதைத்தான் திருப்பிக் கேக்கிறன்."

ஆச்சி சைவக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1957இல் கிறிஸ்தவரான எமது பாட்டனாரை மணப்பதற்கு முந்திய வாரம் அவருக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. புதிய பெயரைத் தெரிவு செய்தவர் மாமியார். ஆச்சியை எவரும் கேட்கவில்லை. 'கிருபை' என்பதே அப்பெயரின் பொருளென்பதைக்கூட அவர் பின்னரே அறிந்தார். ஆயினும், காலப்போக்கில் அவர் மனமுவந்தே விசுவாசியானார். வேதாகமத்தை வாசியாமல் அவர் விளக்கணைத்த இரவை நாம் கண்டதில்லை. ஆதலால் அவரது விண்ணப்பத்தை மதம் மாறியவரின் மனத்தாங்கல் என்று தள்ளிவிட முடியாது.

இளமையில் நீ உன் அரைக்கச்சையை நீயே கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய். முதுமையிலோ வேறொருவன் உனக்கு அரைக்கச்சை கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்ற கருத்துப்பட இயேசு பேதுருவுக்குக் கூறியதாக யோவானின் சுவிசேஷம் சொல்லும். எமது பெண்களின் கதையோ வேறு. இளமையிலேயே அவர்களுக்குப் பிறர் கச்சை கட்டிவிடுகின்றனர். தகப்பன் வீட்டில் மகள், புகுந்த வீட்டில் மருமகள், பின்னர் பிள்ளைகளின் தாய், இறுதியில் ஆச்சி. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர் காத்திருக்கிறது. அப்பெயர்களுக்குள் இருக்கும் மனுஷியை அழைப்பார் இல்லை.

பெயர்மாற்றம் எமது மண்ணுக்குப் புதியதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். அங்கே கற்ற பிள்ளைகளைப் பராமரிக்கப் பணம் அனுப்பிய அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் அப்பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை எனத் தமிழறிஞர் சிலரின் பெயர்கள் இரட்டையாய் அமைந்தமைக்கு இவ்வழக்கமே காரணம். உபகாரியின் பெயரோடு தம் தமிழ்ப் பெயரையும் அவர்கள் விடாது தாங்கினர். 1886இல் வெளிவந்த 'பாவலர் சரித்திர தீபகம்' சதாசிவம்பிள்ளையின் பெயரை இன்றும் வாழ வைக்கின்றது. அவர்கள் காத்த அந்தப் பாதியைப் பிற்காலத்தில் எம் குடும்பங்கள் பல தாமாகவே கைவிட்டன.

வேதம் இதனைக் கேட்டதா? தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் மனந்திரும்பியதும் சவுல் பவுலாகப் பெயர் மாறினான் என்று ஞாயிறு பாடசாலையில் எமக்குக் கற்பித்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகளைக் கருத்தூன்றி வாசிப்போர் வேறொன்றைக் காண்பர். மனந்திரும்பிய பின்னரும் அவர் நெடுநாள் சவுல் என்றே அழைக்கப்படுகின்றார். சீப்புருதீவில் பணியாற்றுகையிலேயே, சவுலுக்குப் பவுல் என்ற பெயரும் உண்டு என்று நூல் கூறுகின்றது. இரண்டும் அவருடைய பெயர்களே. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் அவர் பெபேயாள் என்ற சபை ஊழியக்காரியைப் பரிந்துரைக்கின்றார்; எர்மே என்ற சகோதரனுக்கு வாழ்த்துச் சொல்கின்றார். முன்னையது கிரேக்கரின் தேவதையொருத்திக்கு வழங்கிய பெயர். பின்னையது அவர்களுடைய தூதுத் தெய்வத்தின் பெயர். அவர்களைப் பெயர் மாற்றுமாறு அவர் சொல்லவில்லை. கிரேக்கனாகிய தீத்து விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமென்று கட்டாயப்படுத்தப்படவில்லை எனக் கலாத்தியருக்கு வலியுறுத்தியவரும் அவரே. கிறிஸ்தவனாவதற்கு மற்றோர் இனத்தானாக மாறவேண்டியதில்லை என்பதே அந்த வழக்கின் தீர்ப்பு. முருகன் தேவியின் பெயரைத் தாங்கிய வள்ளியம்மை மாத்திரம் ஏன் மாறவேண்டும்?

இக்கேள்வியை எம்முடன் கற்பிக்கும் நண்பரொருவரிடம் கூறினோம். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் வந்தவர் அவர். சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், எங்கட பூட்டனாருக்குக் கந்தசாமி எண்டு பேர் வைக்க ஊர் விடேல்லை. கந்தன் எண்டுதான் வைக்கலாம். சின்னப் பொடியனும் அவரைக் 'கந்தா' எண்டுதான் கூப்பிடுவான். சாமுவேல் எண்டு ஞானஸ்நானம் எடுத்த பிறகு அதை எப்பிடிக் குறுக்கிறதெண்டு அவைக்குத் தெரியேல்லை. ஆனா, தேவாலயத்திலயும் அவரைப் பின்வாங்கிலதான் இருத்தினவை."

எமது சிந்தனையின் குறைபாடு அப்பொழுதே புலனாயிற்று. ஆச்சிக்கு விலங்காயிருந்தது அந்த முதியவருக்குச் சிறகாயிருந்தது. ஆகவே வினா பழைய பெயரா, புதிய பெயரா என்பதன்று. அதைத் தெரிபவர் யார் என்பதே. பின்வாங்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. மார்ட்டின் லூதர் 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப்பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். 1525இல் ஜேர்மனியக் குடியானவர்கள், கிறிஸ்து எம்மையும் மீட்டாரெனில் நாம் பண்ணையடிமைகளாக இருப்பது எவ்வாறு என்று கேட்டபோது, அது ஆன்மாவின் சுதந்திரம், உடலினதன்று என்று அவரே மறுத்துவிட்டார். ஆன்மாவுக்கு மோட்சத்தையும் உடலுக்குப் பின்வாங்கையும் அளிக்கும் சுதந்திரம் அரைச் சுதந்திரமே.

பிறரைப்பற்றி இவ்வளவு எழுதிய நாம் எமது குற்றத்தையும் கூறவேண்டும். அன்று மாலை போதகர் தயங்கவில்லை. "உமது மகள் வள்ளியம்மை" என்றே செபித்தார். ஆச்சியின் கண்கள் கலங்கின. மறு ஆண்டு அவர் இறந்தபோது மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தது. "கிரேஸ் எண்டு மட்டும் போடு, சனம் என்ன சொல்லும்?" என்றார் மாமா. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்ற நாம், ஒரு சொல்லுக்காக வாய்திறக்கத் துணியவில்லை. கிரேஸ் என்றே எழுதிக்கொடுத்தோம். சபை திறந்த கதவைச் சாத்தியவர்கள் நாமே.

கல்லறைக் கல்லில் இன்று இரு பெயர்களும் உள்ளன. அதற்காக மாமாவுடன் ஓராண்டு வழக்காடினோம். ஆயினும், அவர் கேட்டது கல்லில் அன்று, உயிருள்ளோர் வாயில்.

ஆண்டின் முதல்நாளில் வகுப்பு இடாப்பைத் திறக்கும்போது, "உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?" என்று இப்பொழுது ஒவ்வொரு மாணவரையும் கேட்கின்றோம். சிலர் உடனே விடை கூறுகின்றனர். சிலர் தலைகுனிந்து நெடுநேரம் யோசிக்கின்றனர். அதுவரை அவர்களை எவரும் கேட்டதில்லை. நாம் காத்திருக்கின்றோம்.